வேண்டாமென்றால் வேண்டாம்

"போதும்" என்று ஒருவர் சொன்னால் அதைப் போதும் என்றே எடுத்துக்கொள்கிற ஆளை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் எங்கள் அத்தான், அக்காவைக் கட்டியவர். கல்யாணமான மறு வருஷமே சிங்கப்பூருக்குக் கப்பலேறிப் போனவர், சண்டையெல்லாம் ஓய்ந்து ஜப்பான்காரன் போன பிறகுதான் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். போகும்போது மீசைகூடச் சரியாக முளைக்காத பையன் என்று அம்மா சொல்வாள். எனக்கு அந்த முகம் நினைவில்லை, நான் அப்போது சின்னப் பிள்ளை. வந்து இறங்கியவர் காதோரம் நரைத்த, மெதுவாகப் பேசுகிற ஒரு மனிதர். கடிதம் நின்றுபோன வருஷங்களில் அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் அக்கா எங்கள் வீட்டில் காத்துக் கிடந்தாள். மாதா கோயிலில் அவள் முட்டி போடாத இடம் கிடையாது. அதனால் அவர் வந்ததும் வீடே தலைகால் தெரியாமல் ஆடியது. அவர் என்ன செய்தாலும் எங்களுக்கு அழகாகத்தான் தெரிந்தது.

வந்த வாரமே அவரைப் பார்க்க மணப்பாட்டிலிருந்து எங்கள் மாமா வந்தார், அம்மாவின் மூத்த அண்ணன். ரேஷன் அரிசிக் காலம். இருந்ததைப் பொங்கி, சீலா மீன் குழம்பு வைத்திருந்தோம். அத்தானே குழம்புச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பரிமாற வந்தார். ஆண்பிள்ளை பரிமாறுகிறாரே என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா ஒரு வாய் சாப்பிட்டதும், "போதும் மாப்பிள்ளை, போதும்" என்று இலைக்குக் குறுக்கே கையை வைத்தார். எங்கள் பக்கத்தில் அப்படிக் கை வைத்தால் அந்தக் கையைத் தள்ளிவிட்டு இரண்டு கரண்டி ஊற்ற வேண்டும் என்று அர்த்தம். அத்தான் "சரி மாமா" என்றார். கரண்டியைச் சட்டிக்குள் போட்டார். சட்டியைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்து மூடிவிட்டு வந்துவிட்டார். மாமா மிச்சச் சோற்றை வெறுமனே பிசைந்து உள்ளே தள்ளிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிப் போனார்.

"ஏளா, ஒம் மாப்பிள்ளை எங்க அண்ணனைப் பட்டினி போட்டுல்லா அனுப்பிட்டாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்கா போய் அவரிடம் கேட்டாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வேணும்னா கேட்டிருப்பாருல்லா?" என்றார்.

இதுதான் அவருடைய பேச்சு. வேணும்னா கேப்பாங்கல்லா. அதை அவர் திமிராகச் சொல்லமாட்டார். பள்ளிக்கூடத்தில் புரியாத கணக்கைப் பார்க்கிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார். நானும் அண்ணனும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அண்ணன் எனக்கு மூத்தவன், அக்காவுக்குத் தம்பி. அப்பா போன பிறகு சங்கு குளித்து எங்களைக் காப்பாற்றியவன் அவன்தான். "பாவம்ளா அத்தான், பத்து வருசத்துல நம்ம ஊருப் பேச்சு மறந்துபோச்சி. போகப் போகச் சரியாயிரும்" என்பான்.

சரியாகவில்லை. எதிர்வீட்டில் ஒருநாள் கதவு திறந்திருக்க, வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெருவில் போன அத்தானைப் பார்த்து "வாங்க, சாப்பிடலாம்" என்றார். யாரும் சொல்கிற வார்த்தைதானே? "ஆகட்டும், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்துபோக வேண்டும். இவர் உள்ளே போய் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கை கழுவி, உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டுப் பெண்பிள்ளை தனக்கு வைத்திருந்த சோற்றை எடுத்துப் போட்டிருக்கிறாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எங்களுக்குத் தலை நிமிர முடியவில்லை.

அதையாவது சிரித்துத் தள்ளிவிடலாம். கிழக்குத் தெருவில் ஒரு பெரியவர் செத்துப்போனார். அத்தானைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக் கடலுக்குள் கொண்டுபோய் நீச்சல் பழக்கிய மனிதர். கோயிலில் துக்க மணி அடித்தது. தெருவே கிளம்பிப் போனது. அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கித்தான் இருந்தது, நான் பார்த்தேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"போகலியா நீங்க?" என்றாள் அக்கா.

"யாரும் வந்து சொல்லலியே. கூப்பிடாத வீட்டுக்கு நாமளா எப்படிப் போறது? அவங்களுக்கு எப்படி இருக்குமோ."

"செத்த வீட்டுக்கு எவனாவது வெத்தலைபாக்கு வச்சி அழைப்பானா?" அக்காவுக்குக் குரல் உடைந்துவிட்டது. "அங்கனல்லாம் அழைச்சாத்தான் போவாங்களோ?"

அன்றைக்கு நாங்கள் சிரிக்கவில்லை. செத்தவருடைய மகன்கள் அதற்குப் பிறகு அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெருவில் அவருக்கு 'அழைச்சாத்தான் வருவாரு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

எல்லாரும் கரித்துக்கொட்டினாலும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு. அந்த வருஷம் எனக்கு வீரபாண்டியன்பட்டணத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகவில்லை. வேண்டாம் என்றேன். "வெக்கப்படுதா" என்றாள் அம்மா. மறுபடியும் வேண்டாம் என்றேன். "பொட்டப்புள்ளைன்னா அப்படித்தான் சொல்லும்" என்றார் மாமா. நான் அழுதபோதுகூட, வீட்டைவிட்டுப் போகிற அழுகை என்று என் தலையைத் தடவினார்கள். அத்தான் ஒருவர்தான் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "அவ வேண்டாம்னு சொல்லுதாளே மாமி. பொறவு என்ன பேச்சு?" என்றார். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அம்மா இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. ஒரு பெண் வாயால் சொன்னதை அந்த வீட்டில் முதல்முதலாகக் காதில் வாங்கியவர் அவர். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது, மற்றதெல்லாம் நடந்த பிறகும்.

அக்காவுக்குத்தான் கஷ்டம். ஆகஸ்ட் மாதம் மாதா கோயில் தேர். புதுச்சேலை கட்டிக்கொண்டு நின்றவள் எதற்கோ முறுக்கிக்கொண்டு, "நான் வரலை, நீங்க போங்க" என்றாள். இன்னும் ஒரு தரம் கூப்பிட்டால் போதும், சிரித்துக்கொண்டே கிளம்பியிருப்பாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், தனியாகப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவள் அதே சேலையில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "நீதானே வரலைன்னே?" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் முதல்முதலாக ஒரு பயம் தட்டியது. உடம்புக்கு முடியாமல், வாய் திறந்து கேட்கவும் முடியாமல் ஒருவர் இவர் பக்கத்தில் கிடந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. சீ, இதென்ன நினைப்பு என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

அவர் ஏன் அப்படி ஆனார் என்பது ஒரு மத்தியானம் தெரிந்தது. அண்ணன் கடலிலிருந்து வந்து படுத்திருந்தான், காதில் நல்லெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று அவன் கேட்கவும் அத்தான் சொன்னார். துறைமுகத்தில் முங்கிப்போன கப்பல்களை வெட்டி எடுக்கிற வேலை. கீழே இறங்குகிறவன் தலையில் பித்தளைக் கூடு மாட்டியிருப்பான். மேலேயிருந்து குழாய் வழியாகக் காற்று அடிப்பார்கள். அவனுடைய இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்பதுதான் அத்தானுடைய வேலை. கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால் இவர் இழுப்பார். அசைக்காவிட்டால் தொடக்கூடாது.

"ரொம்ப நேரமா அசையலைன்னா?" என்றான் அண்ணன்.

"இருக்கட்டும்னு விட்டுரணும். அவனுக்குத்தான் காத்து போகுதுல்லா. நாம பயந்துபோயி சடார்னு தூக்குனா ரத்தம் கொதிச்சிச் செத்துருவான். நான் போயிச் சேர்ந்த புதுசுல ஒரு மலாய்க்காரன் அப்படித்தான் ஒருத்தனைத் தூக்கிட்டான். நல்லதுன்னு நெனைச்சித்தான் தூக்கினான். மேல வந்தவன் எங்க காலடியில துடிச்சித் துடிச்சிச் செத்தான்." அத்தான் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். "கேக்காம ஒண்ணும் செய்யப்படாது மாப்ள. நாம நல்லதுன்னு நெனைக்கறதுதான் ஆளைக் கொல்லும்."

அண்ணன் சிரித்தான். எங்கள் குளி அதற்கு நேர் எதிர். எங்கள் ஆட்களுக்குப் பித்தளைக் கூடும் கிடையாது, காற்றுக் குழாயும் கிடையாது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். கீழே மணலில் சங்கைப் பொறுக்கிவிட்டுக் கயிற்றை அசைப்பார்கள், படகில் இருப்பவர்கள் மேலே இழுப்பார்கள். கயிறு பிடிக்கிறவன் தன் மூச்சையும் கூடவே அடக்கிக்கொண்டு நிற்பான். அவனுக்கு மூச்சு முட்டியதும், கயிறு அசைந்தாலும் அசையாவிட்டாலும் இழுத்துவிடுவான். ஏனென்றால் தண்ணீருக்குள் மயங்கினவனால் அசைக்க முடியாது. இதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

தீபாவளி கழிந்து கடல் தெளிந்ததும் சங்கு குளி ஆரம்பித்தது. அதுவரை அண்ணனுக்குக் கயிறு பிடித்த பெரியவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. வேறு ஆள் வேண்டும். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவனுக்கு மச்சான் முறையில் ஆள் இருந்தால் கயிற்றை வெளியாள் கையில் கொடுக்கமாட்டார்கள். மச்சான் அசந்து மறந்தும் விடமாட்டான், விட்டால் வீட்டிலிருக்கிற பெண்பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அத்தான் இருக்கும்போது வெளியாளைத் தேடினால் ஊர் சிரிக்கும். போதாததற்கு, இவர் கயிறு பிடிப்பதையே தொழிலாகச் செய்தவர்.

அம்மா அன்றைக்கு மணப்பாட்டு மாமாவையும் வரவழைத்திருந்தாள். பழைய கோபத்தையும் அதோடு தீர்த்துவிடலாம் என்று நினைத்தாள். எல்லாரும் உட்கார்ந்ததும் மாமாதான் எடுத்தார்.

"மாப்பிள்ளை, இனிமே நம்ம பையன் கயித்த நீருதான் பிடிக்கணும்."

"எனக்கு வேண்டாம் மாமா" என்றார் அத்தான்.

மாமா முகம் மலர்ந்துவிட்டது. பரவாயில்லையே, பையன் மரியாதை கற்றுக்கொண்டானே என்று நினைத்திருப்பார். "அட, ஒம்மைவிட்டா வேற யாரு இருக்கா?"

"அந்தக் கயிறு வேற, இந்தக் கயிறு வேற. என் கை அதுக்குப் பழகினது. வேற ஆளு பாருங்க."

"சிங்கப்பூர்ல பத்து வருசம் கயிறு பிடிச்ச கை! பெருமையடிக்காம பேசுதாரு பாருங்க அண்ணே" என்றாள் அம்மா.

"பெருமை இல்ல மாமி. வேண்டாம்னா வேண்டாம்."

அண்ணன் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டான். "அத்தான், மூச்சை அடக்கிக்கிடுங்க, முட்டுச்சின்னா இழுங்க. அம்புட்டுதான். நான் சொல்லித்தாரேன்லா." அக்காவும் கதவோரம் நின்று, "என் தம்பிக்கு நீங்க பிடிக்காம வேற யாரு பிடிப்பா?" என்றாள். எல்லாருமாகச் சேர்ந்து சிரித்துப் பேசி, மறுக்க மறுக்க வற்புறுத்தி, கடைசியில் அம்மா கயிற்றுச் சுருளையே கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டாள். அவர் அதைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். நான் அப்போது எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாட்கள் நன்றாகத்தான் போயின. அண்ணன் திரும்பி வந்து, "அத்தான் கை இரும்புளா. அசைச்சேன்னா அடுத்த நொடி மேல இருப்பேன்" என்பான். அம்மாவுக்குச் சந்தோஷம். அக்கா மட்டும் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அவரிடம் கேட்டாள்.

"என்னைக்காவது அவன் அசைக்காம நீங்களா இழுத்திருக்கீங்களா?"

"அதுக்கு வேலையே வரலியே. அவன்தான் முந்தி அசைச்சிருதானே."

அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "தம்பி, ரொம்ப நேரம் கீழ நிக்காத, சரியா?" என்று அண்ணனிடம் மட்டும் சொன்னாள். அவன் வாய் நிறையச் சோறோடு தலையை ஆட்டினான். வேறு ஆளைப் பார்ப்போம் என்று எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. அவ்வளவு வற்புறுத்திக் கொடுத்த கயிற்றை மறுபடி எப்படிக் கேட்டு வாங்குவது?

அந்த நாள் பற்றிப் படகிலிருந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். காலையிலேயே தண்ணீர் கலங்கல். அண்ணன் இறங்கினான். அத்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் அவரவர் கயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குப் பிறகு இறங்கின ஆள் மேலே வந்து, படகு விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கி, சுற்றிப் பார்த்து, "அவன் எங்க?" என்று கேட்டிருக்கிறான். அப்போதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இழும் ஓய்! இழும்!" என்று படகுக்காரர் கத்தினார்.

"கயிறு அசையலியே" என்றாராம் அத்தான். அவர் முகமெல்லாம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்த கை, கட்டையில் ஆணி அறைந்த மாதிரி அப்படியே நின்றது. படகுக்காரர் அவரைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பறித்து இழுத்தார். அண்ணன் வந்தான். இடுப்பில் சங்குப் பை கனமாக இருந்தது. வாயில் நுரை. குப்புறப் போட்டு அமுக்கினார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள், கன்னத்தில் அறைந்தார்கள். கரைக்கு வரும்வரை அமுக்கிக்கொண்டே வந்தார்கள். கரைக்கு வந்தபோது அவன் உடம்பு சில்லிட்டிருந்தது. என் அண்ணன். வருகிற ஈஸ்டர் கழிந்து அவனுக்குப் பெண் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஊர் என்ன சொல்லும்? வேணும்னே விட்டுட்டான் என்றது. மச்சினன் போனால் வீடு தனக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டான் என்றது. கூப்பிடாமல் சாவு வீட்டுக்குக்கூட வராதவன், கூப்பிடாமல் கயிற்றையா இழுப்பான் என்றது. போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். கல்லறைத் தோட்டத்தில் அத்தான் ஓரமாக நின்றார். யாரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா அவர்மேல் பாய்ந்துவிட்டாள். சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "கயிறு ஒங் கையிலதானடா இருந்துச்சி! எம் புள்ள தண்ணிக்குள்ள மூச்சடைச்சிக் கெடக்கான், நீ கேக்கட்டும்னா நின்னுக்கிட்டு இருந்தே? மூச்சு முட்டுனா இழுக்கணும்னு அவன் ஒனக்குச் சொல்லித்தரலியா?"

"சொல்லித்தந்தான் மாமி. எனக்கும் முட்டிச்சி. கை கேக்கல." அவர் அழவில்லை. உலுக்குகிற கையைத் தடுக்கவும் இல்லை. "நான் வேண்டாம்னு சொன்னேன். வாயால சொன்னேன். நீங்க யாரும் காதுல வாங்கலியே."

அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. மாமா தரையைப் பார்த்தார். அந்த நிமிஷம் அந்த மனுஷனைக் கொன்றுபோட்டுவிடலாமா என்று எனக்கு வந்தது. அவர் சொன்னது பொய்யாக இருந்தால் அப்படி வந்திருக்காது.

அம்மா சட்டையை விட்டுவிட்டுத் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அதன்பிறகு அவரைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த உறவெல்லாம் கிளம்பிப் போன மறுநாள் காலையில் அவர் தன் தகரப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா முன்னால் வந்து நின்றார். கொழும்புக்கு ஒரு தோணி புறப்படுகிறது, அங்கேயிருந்து சிங்கப்பூருக்குப் போய்விடுவேன் என்றார். "ஒனக்கும் இடம் கேட்டு வச்சிருக்கேன். வாரியா?"

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, "நான் வரலை, நீங்க போங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். வாசல் வரைக்கும் போனார். அவ்வளவுதான், போய்விட்டார் என்று நான் நினைத்தேன். நிலைப்படியில் கால் வைத்தவர் அங்கேயே நின்றார். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்து, அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நெசமாத்தான் சொல்லுதியா? இல்ல, நான் இன்னொரு மட்டம் கூப்பிடணுமா? எனக்கு வெளங்கல. சொல்லு."

அவர் வந்ததிலிருந்து எத்தனை நாள் அந்த ஒரு கேள்விக்காக ஏங்கியிருப்பாள் அவள். அக்கா தலையைத் தூக்கி அவரை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"நெசமாத்தான்" என்றாள்.